பாளையங்கோட்டையில் தொடங்கி எழும்பூர் வரை: பிள்ளைகளை மியூசியம் கூட்டிப்போகிறவர்களுக்கு

பிள்ளைகளுக்கு மிருகம், பறவை, பாம்பு, எலும்புக்கூடு எல்லாம் காட்ட வேண்டும் என்று தோன்றியதும் நம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள் டிக்கெட் போடுவது சென்னைக்குத்தான். கோடை லீவில் ஒரு நாள் வண்டலூர், ஒரு நாள் மெரினா, ஒரு நாள் எழும்பூர் மியூசியம். எழும்பூரில் எல்லாக் கட்டடமும் ஏறி இறங்கி, கால் வலிக்க வெளியே வந்து, "என்னல பாத்த?" என்று கேட்டால், வாசலில் வாங்கித் தந்த ஐஸைப் பற்றித்தான் பையன் பேசுவான். அவன்மேல் தப்பில்லை. நாலு பொருளை நின்று பார்த்துப் பழகாத பிள்ளைக்கு, ஆயிரக்கணக்கில் பொருள் இருக்கும் இடம் வெறும் நடைதான்.

அதனால் நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம். அடுத்து கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையம். அதன்பிறகு கூந்தன்குளம். சென்னை கடைசியில். எல்லாம் ஒரே வாரத்தில் முடிய வேண்டியதில்லை; ஒரு வருஷத்துக்குள் நேரம் வாய்க்கும்போது போனால் போதும். ஐந்து வயது முதல் பன்னிரண்டு வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கைக்குழந்தையும் இருந்தால் அன்றைக்கு மட்டும் ஆச்சியிடம் விட்டுவிட்டு வாருங்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று போனால் பெரியவனுக்கு ஒன்றையும் காட்ட முடியாது.

1. நாள் பார்த்தல்

அரசு அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு என்றோ திங்கள் என்றோ நினைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை போய் நிற்கிறவர்கள் உண்டு. மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு இரண்டாம் சனிக்கிழமையும் கிடையாது. பள்ளிக்கூடத்துக்கும் அன்றைக்கு லீவு என்பதால் குடும்பமாக வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவது அந்தச் சனிக்கிழமையில்தான் அதிகம். சுதந்திர தினம், குடியரசு தினம் மாதிரி தேசிய விடுமுறை நாட்களும் கணக்கில் சேரும். கொக்கிரகுளம் மையம் மத்திய அரசின் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்தைச் சேர்ந்தது. அதன் விடுமுறைக் கணக்கு தனி. ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

என் சிபாரிசு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்ட கையோடு. மத்தியான வேளையைத் தவிர்த்துவிடுங்கள். சோறு உண்ட பிள்ளை கண்ணாடிப் பெட்டி முன்னால் கொட்டாவிதான் விடும். பள்ளிக்கூட டூர் பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும் மாதங்களில் வார நாளில் போகாதீர்கள். இருநூறு பிள்ளைகள் விசில் சத்தத்துக்கு நடக்கும் கூடத்தில் நீங்கள் எதையும் நின்று பார்க்க முடியாது.

2. பையில்

கோடு போடாத சின்ன நோட்டு ஒன்று, பென்சில். பேனா வேண்டாம், கல்சிலையில் மை படும். கையடக்க உருப்பெருக்கி ஒன்று, பென்சில் டப்பாவில் வைக்கிற மாதிரி சின்னது. தண்ணீர். உள்ளே தின்னக் கூடாது. பார்த்து முடித்தபின் வெளியே மரத்தடியில் உட்கார்ந்து தின்ன முறுக்கோ புளியோதரையோ. சில்லறை நோட்டுகள். பெரியவர்களின் செல்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். பிள்ளையை ஒவ்வொரு பெட்டி முன்னாலும் நிறுத்திப் படம் எடுத்தால், பெட்டிக்கு முதுகைக் காட்டி நிற்கத்தான் அது பழகும்.

3. பாளையங்கோட்டையில் முதல் அரைமணி

பாளையங்கோட்டைக்குப் பேர் தந்த அந்தக் கோட்டையில் இன்று மிச்சமிருப்பது கொஞ்சம்தான். மேற்கு வாசல் மேடைப் போலீஸ் ஸ்டேஷன் ஆயிற்று, கிழக்கு வாசல் மியூசியம் ஆயிற்று. இதைப் பிள்ளைகளிடம் உள்ளே போகும்போதே சொல்லிவிடுங்கள், கட்டடத்தின் மேலே ஒரு மரியாதை வரும்.

மாவட்ட அருங்காட்சியகம் என்றால் எல்லாம் கலந்துதான் இருக்கும். கல்சிலை, காசு, பழைய ஆயுதம், கிராமத்துப் புழங்குபொருள், இவற்றோடு கெடாமல் பதப்படுத்திப் பாடம் செய்த பறவையும் மிருகமும், பாறையும். இந்தக் கலப்பைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. முதல் தடவை வரும் பிள்ளைக்கு அது வசதி என்பது என் கட்சி. அலுத்துப்போனால் பக்கத்து அறையில் வேறு உலகம் இருக்கிறது.

நுழைந்ததும் எதன் முன்னாலும் நிற்காமல் ஒரு சுற்று முழுசாக நடந்துவிடுங்கள். பத்து நிமிஷம் போதும். பிள்ளை இழுத்தாலும், "பெறகு வருவோம்" என்று சொல்லி நடங்கள். சுற்றி முடித்ததும் வாசல் பக்கமாக உட்கார்ந்து, "எத திரும்பப் பாக்கணும்? மூணு சொல்லு" என்று கேளுங்கள். அது சொல்கிற மூன்றைத்தான் அன்றைக்குப் பார்க்கிறீர்கள். உங்களுக்குப் பிடித்த சிலையை அதில் நுழைக்காதீர்கள். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு இரண்டு.

காவலுக்கு இருக்கும் அண்ணாச்சியிடம் பேச்சுக் கொடுங்கள். அந்தக் கூடத்தில் வருஷக்கணக்காக நிற்கிறவர் அவர். எந்தப் பெட்டி முன்னால் பிள்ளைகள் கூடுகின்றன, எதை எல்லோரும் பார்க்காமல் தாண்டிப்போகிறார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

4. எப்படிப் பார்ப்பது

லேபிளைக் கடைசியில் படியுங்கள். பெரியவர்கள் பண்ணுகிற முதல் வேலை, லேபிளைச் சத்தமாகப் படிப்பது. பேர் தெரிந்த அடுத்த நொடியில் பிள்ளை அடுத்த பெட்டிக்குப் போய்விடும். பேரை மறைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

பறவை என்றால் அலகைக் காட்டி, "இத வச்சு இது என்னத்தத் திங்கும்?" என்று கேட்கலாம். வளைந்த கொக்கி அலகு சதையைக் கிழிக்க. நீண்டு கீழே வளைந்த அரிவாள் மூக்கனின் அலகு சேற்றுக்குள் விட்டுத் துழாவ. நுனி தட்டையான கரண்டிவாயனின் அலகு தண்ணீரில் இடமும் வலமும் வீசி அள்ள. அலகு முடிந்ததும் கால். நீர்க்காகத்துக்கு நாலு விரலையும் சேர்த்துச் சவ்வு இருக்கும், கோழிக்கு இல்லை. வீட்டுக்குப் போய்க் கோழிக்காலைப் பார்க்கச் சொன்னால் அன்றைக்கே பார்த்துவிடும்.

மிருகம் என்றால் கண். புலிக்கும் பூனைக்கும் ஆந்தைக்கும் இரண்டு கண்ணும் முன்னால் பார்க்கும், இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்க. மானுக்கும் முயலுக்கும் கண் பக்கவாட்டில், பின்னால் வருவதையும் பார்க்க. பிறகு பல். மண்டையோடு இருந்தால் விடாதீர்கள். ஆடு, மாடு, மான் மூன்றுக்கும் மேல்தாடையில் முன்பல் கிடையாது. அந்த இடத்தில் கெட்டியான ஈறுதான் உண்டு. கீழ்ப்பல்லை அதன்மேல் அழுத்தித்தான் புல்லை அறுக்கின்றன. ஆடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கே இது தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கொம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் இரண்டு வகையும் உயிரோடு இருக்கின்றன. புள்ளிமானுக்கும் மிளாவுக்கும் இருப்பது கிளைவிட்ட, முழுக்க எலும்பாலான கொம்பு. அது விழுந்து மறுபடி முளைக்கும். ஆணுக்கு மட்டும் உண்டு. வெளிமானுக்கு இருப்பது முறுக்கிய, கிளையில்லாத கொம்பு. உள்ளே எலும்பு, மேலே நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆன உறை. அது விழாது. மாடு, வரையாடு எல்லாம் இந்தக் கட்சி. பேரில் மான் என்று இருந்தாலும் வெளிமான் அந்தக் குடும்பம் இல்லை என்று சொல்லிப் பாருங்கள், ஏழெட்டு வயதுப் பிள்ளை நம்ப மறுத்து மறுபடி இரண்டு கொம்பையும் பார்க்கப் போகும். அதுதான் வேண்டும். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகிற வழியில் வல்லநாட்டுக் குன்றில் வெளிமான் சரணாலயம் இருக்கிறது, 1987இல் அறிவித்தது. இந்தியாவில் வெளிமான்கள் இயற்கையாக வாழும் தென்கோடி இடங்களில் அது ஒன்று.

எப்படியும் ஒரு கேள்வி வரும். "எப்பா, இது செத்துப்போச்சா? யாரு கொன்னா?" தூங்குது, பொம்மை என்றெல்லாம் சமாளிக்காதீர்கள். ஆமாம், செத்ததுதான் என்று சொல்லுங்கள். மேலே உள்ள தோலும் முடியும் இறகும் நிஜம், உள்ளே கம்பியும் பஞ்சும் வைக்கோலும், கண் கண்ணாடி. பழைய காலத்தில் வேட்டையாடிக் கொண்டுவந்தவையும் உண்டு, தானாக இறந்தவையும் உண்டு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு காட்டு மிருகத்தை வேட்டையாடி மியூசியத்துக்குக் கொடுப்பது முடியாது. இவ்வளவும் சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்குப் புரியும். சில பிள்ளைகள் அழும். அழுதால் வெளியே கூட்டிவந்து கொஞ்ச நேரம் உட்கார வையுங்கள், "இதுக்குப் போயி அழுவாங்களா" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

5. பாம்பு பாட்டில்கள்

இயற்கைப் பொருட்கள் உள்ள எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் ஃபார்மலின் பாட்டில்களில் பாம்புகள் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கென்று அரைமணி ஒதுக்குங்கள். கிராமத்தில், வயலோரத்தில், ஓலைச் சாய்ப்பில் வளரும் பிள்ளைக்கு இதைவிட உபயோகமான பெட்டி வேறில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: பாட்டிலில் இருக்கும் நிறத்தை நம்பக் கூடாது. திரவத்தில் வருஷக்கணக்கில் கிடந்து எல்லாம் வெளிறிப்போயிருக்கும். பச்சைப்பாம்புகூடச் சாம்பலாகத்தான் தெரியும். பார்க்க வேண்டியது தலை வடிவம், செதில், பட்டையின் அமைப்பு.

நம் நாட்டில் பாம்புக்கடிச் சாவுகளில் பெரும்பங்குக்குக் காரணம் நாலு பாம்புகள்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்தும் இந்த நாலுக்கும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். கண்ணாடிவிரியனுக்கு முதுகில் சங்கிலி கோத்த மாதிரி மூன்று வரிசைப் புள்ளி, முக்கோணத் தலை. சுருட்டைவிரியன் சின்னது, செதில் சொரசொரப்பாக, நடுவில் வரம்பு வைத்தது போலத் தூக்கி இருக்கும். உருப்பெருக்கியைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் அந்த வரம்பு தெரியும்.

கஷ்டமான ஜோடி கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும். இரண்டும் கருத்த உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. இரண்டும் ராத்திரி நடமாடுபவை. இரண்டும் வீட்டுக்குள் வரும். ஒன்று ஆளைக் கொல்லும், ஒன்றுக்கு நம்மைக் கொல்லும் விஷமே கிடையாது. கட்டுவிரியனின் பட்டைகள் மெல்லியவை, பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். வால் பக்கம் தெளிவாகவும் தலைப்பக்கம் மங்கியும் போகும். வரையனுக்கு நேர்மாறு: கழுத்துப் பக்கம் அகலமான பட்டை, வாலை நோக்கிப் போகப் போக மங்கும். கட்டுவிரியனின் முதுகின் நடு வரிசைச் செதில் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிசாக, ஆறு மூலையாக இருக்கும். இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில் இருந்தால் பிள்ளையை நோட்டில் வரையச் சொல்லுங்கள். பத்து நிமிஷம் சத்தமே வராது.

இதைக் கற்றுக்கொடுக்கும்போதே இன்னொன்றையும் அழுத்திச் சொல்லியாக வேண்டும். இந்த அடையாளம் எல்லாம் பாட்டிலில் பார்க்க. வீட்டில் ஒரு பாம்பைக் கண்டால் கிட்டப்போய்ச் செதில் எண்ணும் வேலை கிடையாது. பின்னால் நகர்ந்து பெரியவர்களைக் கூப்பிட வேண்டியதுதான். கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்காது, வீங்காது. தரையில் படுத்துத் தூங்கும்போது கடித்தது தெரியாமலே போகும். கடி என்று சந்தேகம் வந்தாலே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ நேரே போக வேண்டும். வேர் கட்டுகிறவர், மந்திரிக்கிறவர் என்று வழியில் இறங்கக் கூடாது. பாம்பை அடித்துக் கூடக் கொண்டுபோகவும் வேண்டாம்.

6. கொக்கிரகுளம்

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கிச் சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டினால் கொக்கிரகுளம். வெயில் இல்லாத காலை என்றால் பஸ்ஸில் போகாமல் பாலத்தில் நடந்தே போகலாம். கீழே தாமிரபரணியில் நீர்க்காகம் இறகு காயவைத்துக்கொண்டு நிற்கும், பாளையங்கோட்டையில் பார்த்த கால் அங்கே உயிரோடு.

அறிவியல் மையம் 1987இல் திறந்தது. கண்டிப்பாகச் சொன்னால் இது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இல்லை; ஒளி, ஒலி, விசை என்று தொட்டு, சுற்றி, அழுத்திப் பார்க்கும் சாமான்கள்தான் அதிகம். தொடாதே என்று முந்தின இடத்தில் கட்டுப்பட்டு நின்ற பிள்ளைகளுக்கு இங்கே அவிழ்த்துவிட்டது போல இருக்கும், விட்டுவிடுங்கள். நமக்கு வேண்டியது வெளியே தோட்டத்தில் நிற்கும் டைனோசர் உருவங்கள். அவை செய்து வைத்தவை, நிஜ எலும்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் பிள்ளைகள் நிஜம் என்றே வளர்ந்துவிடும்.

"நம்ம ஊர்லயும் டைனோசர் இருந்துச்சா?" என்பதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள மலையும் குன்றும் பூமிக்கு அடியில் ஆழத்தில் வெந்து உருமாறிய பாறைகள், வயது 50 கோடி ஆண்டுக்கு மேல். டைனோசர் தோன்றியது ஏறக்குறைய 23 கோடி ஆண்டுக்கு முன், அழிந்தது 6.6 கோடி ஆண்டுக்கு முன். தனக்கு முன்னாலேயே இறுகிப்போன பாறைக்குள் அது புதைய முடியாது. எலும்பு மூடிக் கல்லாக வேண்டுமென்றால் அந்தக் காலத்தில் சேறும் மணலும் படிந்த இடம் வேண்டும். அரியலூர்ப் பக்கம் அப்படி. அங்கே அப்போது கடல் உள்ளே வந்திருந்தது. சுருண்ட ஓடுள்ள அம்மோனைட்டு என்ற பழங்காலக் கடல் உயிர்களும் டைனோசர் எலும்பும் அந்தப் படிவுகளில் கிடைத்திருக்கின்றன. ஆக, இங்கே டைனோசர் நடந்திருக்கலாம், அதன் தடயம்தான் நிற்கவில்லை.

ஆதிச்சநல்லூரையும் இதே நாளில் முடித்துவிடலாம் என்று நினைப்பீர்கள். வேண்டாம். அங்கே பழங்காலத்தில் செத்தவர்களைப் புதைத்த தாழியைத் தோண்டிய இடத்திலேயே மேலே கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள், அருமையான இடம்தான். ஆனால் அது மனுஷனின் கதை. டைனோசரும் தாழியும் ஒரே நாளில் பார்த்த பிள்ளை, டைனோசரைத் தாழியில் புதைத்தார்கள் என்று ஆச்சியிடம் போய்ச் சொல்லும்.

7. கூந்தன்குளம்

பாடம் செய்த பறவையைப் பார்த்த பிள்ளையை அந்தப் பருவத்துக்குள்ளேயே உயிருள்ள பறவையிடம் கூட்டிப்போவது அவசியம். நாங்குநேரி வட்டத்தில் இருக்கிறது கூந்தன்குளம், 1994இல் சரணாலயம் ஆனது. மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகலாம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம், ஆனால் எல்லாம் குளத்துத் தண்ணீரைப் பொறுத்தது. மழை பொய்த்த வருஷம் வறண்ட தரையைத்தான் பார்ப்பீர்கள். முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இங்கே பறவைகள் ஊருக்கு வெளியே மட்டும் இல்லை. வீட்டு முற்றத்து மரத்திலேயே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டும். எச்சத்தின் வீச்சத்தோடுதான் ஊர் இருக்கிறது. எச்சம் விழுந்த குளத்து மண் வயலுக்கு உரம். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்று பேர். அதனால் நம் பிள்ளைகள் அங்கே கூச்சல் போட்டால் ஊர்க்காரர்கள் கண்டிப்பார்கள், கண்டிக்கட்டும்.

காலை ஏழு மணிக்குள் குளக்கரையில் இருந்தால் நல்லது. பழைய நோட்டையே கொண்டுபோங்கள். மியூசியத்தில் வரைந்த அலகைக் குளத்தில் தேடுவதுதான் வேலை. கூழைக்கடாவின் பை, மீனைச் சேர்த்து வைக்கும் பை என்று நினைத்திருப்பார்கள். அது தண்ணீரோடு மீனை அள்ளும் வலை. தலையைக் குனிந்து தண்ணீரை வடித்துவிட்டு அப்புறம் அண்ணாந்து விழுங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். மஞ்சள்மூக்கு நாரையின் வால்பக்க ரோஸ் நிறம் பாடம் செய்த உடம்பில் நாளடைவில் வெளிறிவிடும். இங்கே பார்த்தபிறகு பெட்டியில் உள்ளது எவ்வளவு குறையுள்ளது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வாத்து தென்பட்டால் அது வரித்தலை வாத்து. திபெத், மங்கோலியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருவது.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு நம் தாமிரபரணி ஆறு இருக்கிறது. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் வருஷா வருஷம் ஜனவரி வாக்கில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளை அதில் சேர்த்துவிடலாம். பறவை மட்டுமில்லை, தாமிரபரணியைத் தவிர வேறெங்கும் இல்லாத ஒரு கெண்டை மீன் வகையும் நம் ஆற்றில் உண்டு. 1954இல் அறிவியல் பேர் வைத்தபோது ஆற்றின் பேரையே அதற்கு வைத்தார்கள்.

8. எழும்பூர்

இவ்வளவுக்கும் பிறகு சென்னைக்கு ரயில் ஏறலாம். ராத்திரி ரயில் நல்லது. எழும்பூர் வரை வரும் வண்டியா, தாம்பரத்தோடு நிற்பதா என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். எழும்பூரில் இறங்கினால் மியூசியம் பக்கம்தான். விடிந்ததும் போய் நிற்க வேண்டாம், திறக்க ஒன்பதரை ஆகும். குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். வெள்ளிக்கிழமைக் கணக்கு இங்கேயும் உண்டு. 1851இல் தொடங்கிய இடம், கட்டடங்கள் பல. ஏதாவது ஒன்றில் பராமரிப்பு வேலை நடந்துகொண்டே இருக்கும். டிக்கெட் கொடுக்கும் இடத்திலேயே, "விலங்கியல் கூடம் எல்லாம் திறந்திருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம்.

அமராவதிச் சிற்பமும் செப்புத் திருமேனிகளும் உலகப் புகழ் பெற்றவை. பெரியவர்கள் தவறவிடக் கூடாது. அதற்காகப் பிள்ளைகளை அங்கே ஒரு மணிநேரம் நிறுத்திவைப்பது பாவம். அப்பா பிள்ளைகளோடு எலும்புக்கூட்டைப் பார்க்கும்போது அம்மா நடராஜரைப் பார்க்கட்டும், பிறகு மாறிக்கொள்ளுங்கள். அத்தையோ மாமாவோ கூட வந்தால் இன்னும் வசதி.

நேரே திமிங்கில எலும்புக்கூட்டிடம் போங்கள், பிள்ளை தெம்பாக இருக்கும்போதே. முதலில் வாலிலிருந்து தலைவரை அடி வைத்து நடந்து அளக்கட்டும். பிறகு துடுப்பு. மீன் துடுப்பில் இருப்பது போல முள்ளா அது? இல்லை. தோள்பட்டை, கை எலும்பு, மணிக்கட்டு, விரல் வரிசை எல்லாம் இருக்கும். தன் கையைப் பக்கத்தில் நீட்டி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து கழுத்து. மனுஷனுக்குக் கழுத்தில் 7 எலும்பு. ஒட்டகச்சிவிங்கிக்கும் 7, வௌவாலுக்கும் 7, திமிங்கிலத்துக்கும் 7தான், ஆனால் ஒன்றோடொன்று நெருக்கித் தட்டையாக இருக்கும். எண்ண முடிந்தவரை எண்ணிப் பார்க்கட்டும். கடைசியாக வாய். பல் இருக்கிறதா? பெரிய திமிங்கில வகைகள் பலவற்றுக்குப் பல் கிடையாது, மேல்தாடையில் சீப்புப்போலத் தொங்கும் தகடுகளால் கடல்நீரை வடிகட்டிச் சின்ன உயிர்களைத் தின்னும். அந்தத் தகடு எலும்பு இல்லை என்பதால் எலும்புக்கூட்டில் பெரும்பாலும் காணாது.

பல் உள்ள திமிங்கிலங்கள் நம் கரைக்கே வந்திருக்கின்றன. 1973 ஜனவரியில் 147 பைலட் திமிங்கிலங்கள் நம் தென்கரையில் ஒதுங்கின. 2016 ஜனவரியில் மறுபடி மணப்பாடு, திருச்செந்தூர்ப் பக்கம் 80க்கும் மேல். மீனவர்கள் படகில் கட்டிக் கடலுக்குள் இழுத்து விட்டும் பல திரும்பக் கரைக்கே வந்தன. அவை கூட்டமாகவே வாழும், ஒன்று கரை தட்டினால் மற்றவையும் விட்டுப் போகாது. திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போன பிள்ளைக்கு அந்தக் கடல் தெரியும். எழும்பூர் எலும்புக்கூட்டுக்கு முன்னால் நின்று இதைச் சொன்னால் கதை சட்டென்று கிட்ட வந்துவிடும்.

யானை மண்டையோடு கண்ணில் பட்டால் நடுவில் உள்ள பெரிய ஓட்டையைக் காட்டுங்கள். கண்குழி என்று நினைப்பார்கள். அது மூக்கு. தும்பிக்கையில் எலும்பே இல்லாததால் அந்த ஓட்டை மட்டும் மிச்சம். இவ்வளவு போதும், வெளியே வந்துவிடலாம். இன்னும் ஆறு கூடம் பாக்கி இருக்கிறதே என்று டிக்கெட் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

9. வீட்டு அலமாரி

ஊர் திரும்பியதும் பிள்ளைகள் சாமான் சேர்க்கத் தொடங்கும். ஒரு தட்டை ஒழித்துக் கொடுங்கள். எடுக்கத் தகுந்தவை: பனங்கொட்டை, மஞ்சாடி, வேப்பங்கொட்டை, கோழி இறகு, கடற்கரையில் கிடக்கும் சாதாரண வெற்றுச் சிப்பி, ஆற்றுக் கூழாங்கல். எடுக்கக் கூடாதவை: பவளத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை, சட்டப்படி குற்றம், கரையில் செத்துக் கிடந்தாலும் எடுக்கக் கூடாது. பறவைக் கூடு, முட்டை எதையும் மரத்திலிருந்து எடுக்கவே வேண்டாம். குன்றிமணி பார்க்க அழகு, ஆனால் கடித்து விழுங்கினால் கடும் விஷம். கைக்குழந்தை உள்ள வீட்டுக்குள் அது வரவே கூடாது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு. என்ன பொருள், எங்கே கிடைத்தது, எந்தத் தேதி, எடுத்தது யார். பேர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடலாம், இடமும் தேதியும் கட்டாயம். எங்கிருந்து வந்தது என்று எழுதாத பொருள் எந்த மியூசியத்துக்கும் பெரிதாகப் பயன்படாது. பென்சிலில் எழுதச் சொல்லுங்கள், ஈரம் பட்டாலும் கரையாது.

சிப்பியை நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் காயவையுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் மூன்றாம் நாள் வீடு நாறும். கொட்டைகளிலும் இறகுகளிலும் பூச்சி அரிக்கத் தொடங்கினால் மருந்து அடிக்க வேண்டாம். காற்றுப் புகாத பாலிதீன் பையில் கட்டி ஃப்ரீசரில் ஒன்றிரண்டு வாரம் போட்டுவிட்டால் பூச்சியும் முட்டையும் செத்துவிடும்; பெரிய அருங்காட்சியகங்களில் செய்வதும் இதுதான். மீன் வைக்கும் தட்டில் கோழி இறகு கிடப்பதைப் பற்றி வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.